சிகரெட்டைப் பிடுங்கினவன் காசையும் எடுத்திருப்பான்!

அக்கா பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஜப்பான் அனிமேஷன் தொடர்கள் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ‘அனிமே’ என்று சொல்ல வேண்டுமாம். ஒரு தடவை ‘கார்ட்டூன்’ என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தீபாவளிக்கு வந்தவன் பேச்சுவாக்கில் ஒரு அமெரிக்க டப்பிங் கம்பெனியைப் பற்றிச் சொன்னான்.

“4கிட்ஸ்னு ஒண்ணு இருந்துது மாமா. ஜப்பான்காரனை ஏமாத்திக் காசு அடிச்சானுங்க. கேஸ் போட்டு இழுத்து மூடிட்டாங்க. நல்லா வேணும்!”

“ஏமாத்தினாங்கன்னு கோர்ட் சொல்லிச்சா?”

“சொல்லாம இருக்குமா? சான்ஜி வாயில இருந்த சிகரெட்டை எடுத்துட்டு லாலிபாப் வெச்சவனுங்க மாமா அவனுங்க!”

இந்த வாரம் அந்த லாலிபாப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ‘எனக்கும் அனிமேக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்பதற்காக, ஓட்டல்காரர் வருமான வரியையும் ஏமாற்றுகிறார் என்று மேஜையைத் தட்டிச் சத்தியம் பண்ணுகிறவர் உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். அவர் நீங்களாகவே இருக்கலாம்.

முதலில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரை அறிமுகப்படுத்துகிறேன். 4கிட்ஸ் என்டர்டெயின்மென்ட், நியூயார்க் கம்பெனி. 1998 செப்டம்பரில் போக்கிமானை ஆங்கிலம் பேசவைத்து அமெரிக்க டி.வி.க்குக் கொண்டுவந்தது. 2001-ல் யு-கி-ஓ. டப்பிங் இவர்கள் தொழிலில் ஒரு பாதிதான். பொம்மை, சீட்டு, டிபன் பாக்ஸ், படுக்கை விரிப்பு என்று எதில் எல்லாம் அந்தப் படத்தை அச்சடிக்க முடியுமோ அதற்கெல்லாம் உரிமம் விற்றுக் கமிஷன் எடுப்பது இன்னொரு பாதி. படத்தை ஓட்டுவதே பொம்மை விற்கத்தான் என்று சொன்னாலும் பெரிய அவதூறு ஆகிவிடாது.

இவர்கள் செய்த வேலையைப் பார்த்தால் எனக்கே ரத்தம் கொதிக்கிறது. போக்கிமானில் ஒருவன் கையில் ஜப்பான்காரர்களின் சோற்று உருண்டை இருக்கிறது. வெள்ளை வெளேரென்று, முக்கோணமாக, கடற்பாசி சுற்றி. அதைப் பார்த்து ‘ஜெல்லி டோநட்’ என்று வசனம் பேசவைத்தார்கள். அமெரிக்கக் குழந்தைக்குச் சோறு என்றால் தெரியாதாம். யு-கி-ஓவில் யாரும் சாகக் கூடாது. அதனால் செத்தவர்களை எல்லாம் ‘ஷேடோ ரெல்ம்’ என்ற ஏதோ ஒரு இருட்டு லோகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். துப்பாக்கியை அழித்துவிட்டு, வில்லன்கள் வெறும் விரலை நீட்டி மிரட்டிய காட்சியும் உண்டு.

உச்சம், ஒன் பீஸ். கடல் கொள்ளையர் கதை. 2004-ல் இவர்கள் கைக்கு வந்தது. ஜப்பானில் 143 எபிசோடாக ஓடியதை வெட்டி, ஒட்டி, சுருக்கி 104 ஆக்கினார்கள். சோரோவின் பெயர் ‘சோலோ’ ஆனது. சமையல்காரன் சான்ஜி வாயில் எப்போதும் சிகரெட் இருக்கும். அதை அழித்துவிட்டு லாலிபாப் வரைந்தார்கள். அடியாள் மாதிரி கோட் போட்ட ஆள், லாலிபாப்பை வாயில் வைத்துக்கொண்டு எதிரியை முறைக்கிறான். சிரிக்காமல் பார்க்க முடியாது.

கம்பெனியின் முன்னாள் அதிகாரி ஒருவர் பிற்பாடு ஒரு பேட்டியில் உண்மையைப் போட்டு உடைத்தார். ஒன் பீஸை அவர்கள் ஆசைப்பட்டு வாங்கவில்லையாம். மற்ற தொடர்களோடு சேர்த்துக் கட்டாக விற்றபோது அதுவும் கூட வந்துவிட்டதாம். கடுகு வாங்கப்போன இடத்தில் தலையில் கட்டிய தேங்காய். அதை எப்படியாவது சனிக்கிழமை காலைக் குழந்தைகள் நேரத்தில் ஓட்டியாக வேண்டும். சரி, காரணம் புரிகிறது. காரணம் புரிந்தால் லாலிபாப் இனித்துவிடுமா? ரசிகர்களின் கோபம் நியாயம். இதுவரை நானும் அவர்கள் கட்சிதான்.

இனிமேல்தான் தகராறு.

2011 மார்ச் 24 அன்று டிவி டோக்கியோவும், என்.ஏ.எஸ். என்ற ஜப்பானிய விளம்பர நிறுவனமும் நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டில் 4கிட்ஸ் மேல் வழக்குப் போட்டார்கள். யு-கி-ஓ வருமானத்தில் எங்களுக்குச் சேர வேண்டியதைக் குறைத்துக் கொடுத்தார்கள், கழிக்கக் கூடாததை எல்லாம் செலவு என்று கழித்தார்கள், வீடியோ கம்பெனிகளோடு ரகசிய ஒப்பந்தம் போட்டு அந்தப் பணத்தை மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பாக்கி என்று கேட்ட தொகை ஏறக்குறைய 48 லட்சம் டாலர். கூடவே, ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டோம் என்றும் அறிவித்தார்கள். 4கிட்ஸ் மறுத்தது. நல்லெண்ணத்தில் ஏற்கெனவே 10 லட்சம் டாலர் கட்டியிருக்கிறோமே என்றது. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 6 அன்று, திவால் பாதுகாப்பு கேட்டு அதே ஊர்க் கோர்ட்டில் போய் நின்றது.

ரசிகர் கூட்டத்துக்கு அன்றே தீபாவளி. ‘சான்ஜிக்கு நியாயம் கிடைத்தது’ என்று கொண்டாடியவர்கள் ஒரு பக்கம். ‘படத்தையே வெட்டித் தின்றவன் பணத்தை விட்டுவைப்பானா?’ என்று தர்க்கம் பேசியவர்கள் இன்னொரு பக்கம். ‘பாவம் ஜப்பான் கலைஞர்கள், அவர்கள் வயிற்றில் அடித்துவிட்டானே’ என்று கண் கலங்கியவர்களும் உண்டு. வழக்கு மனு கோர்ட் படி ஏறின அன்றே தீர்ப்பு எழுதி, மையும் காய்ந்துவிட்டது.

கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். இந்த வழக்கு எதைப் பற்றி? ஒரு கணக்குப் புத்தகத்தைப் பற்றி. ஜப்பான்காரரிடம் உரிமம் வாங்குகிற கம்பெனி, டி.வி., வீடியோ, பொம்மை என்று பல வழியில் சம்பாதிக்கும். அதில் சில செலவுகளைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு பிரிக்க வேண்டும். எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். கொடுத்தவருக்குச் சந்தேகம் வந்தால் ஆடிட்டரை அனுப்பிப் பார்க்கலாம். ஆடிட்டர் ஒரு தொகை சொல்வார். வாங்கியவர் ‘இந்தச் செலவு கழிக்கிற செலவுதான்’ என்பார். உரிமத் தொழிலில் இந்தச் சண்டை நடக்காத வருஷமே கிடையாது. சில சமயம் ஆடிட்டர் கண்டுபிடித்தது உண்மையான திருட்டாகவும் இருக்கும். அதைச் சொல்ல வேண்டியது ரசீதும் ஒப்பந்தமும். லாலிபாப்புக்கு அங்கே சாட்சி சொல்லும் யோக்கியதை இல்லை.

ஒரு ஃபிரேமைக்கூட வெட்டாமல், வசனத்தை எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்துக் கொடுக்கிற கம்பெனி ராயல்டியில் கை வைக்கலாம். சோற்று உருண்டையை டோநட் என்று சொன்ன கம்பெனி, கடைசிப் பைசா வரைக்கும் எண்ணிக் கொடுத்திருக்கலாம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ரசனை கெட்டவன் நாணயம் கெட்டவனாகவும் இருந்தால் நமக்குச் சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்காக ஒருவனைத் திருடன் ஆக்கிவிட முடியுமா?

சரி, கோர்ட் என்ன சொன்னது? அக்கா பையன் தெரிந்துகொள்ளாத பகுதி இதுதான். திவால் கோர்ட் நீதிபதி ஷெல்லி சாப்மன் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி, ஜப்பான் தரப்பு ஒப்பந்தத்தை ரத்து செய்தது செல்லுமா என்பது. 2011 டிசம்பர் கடைசியில் தீர்ப்பு வந்தது. செல்லாது. ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது. அதன்பிறகு 2012-ன் தொடக்கத்தில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தார்கள். அந்தச் சமரசத்தில் 80 லட்சம் டாலர் கைமாறியது. யாரிடமிருந்து யாருக்கு? 4கிட்ஸுக்கு வந்தது.

இன்னொரு முறை படியுங்கள். ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பணம் வந்தது.

அதனால் 4கிட்ஸ் உத்தமன் என்று கோர்ட் பட்டயம் எழுதிக் கொடுத்துவிட்டதாக நான் சொல்லவில்லை. எல்லாக் கேள்விக்கும் தீர்ப்பு வருவதற்கு முன்பே சமரசம் ஆகிவிட்டது. கணக்கில் எங்கே எவ்வளவு இடித்தது என்பதை இனி எந்த நீதிபதியும் சொல்லப்போவதில்லை. ஆனால், ‘திருடினான், பிடிபட்டான், இழுத்து மூடினார்கள்’ என்று ரசிகர்கள் இன்றைக்கும் பேரன் பேத்திகளுக்குச் சொல்வதுபோலச் சொல்கிற கதை நடக்கவே இல்லை. கம்பெனி படுத்ததற்கு இந்த வழக்கு ஒரு காரணம்தான். அதற்கு வெகு முன்பே அட்சய பாத்திரமாக இருந்த போக்கிமான் கைவிட்டுப் போய்விட்டது. ஃபாக்ஸ் சானலில் இருந்த சனிக்கிழமை நேரமும் 2008 டிசம்பரோடு போனது. 2012-ல் சொத்துகளைப் பிரித்து விற்றார்கள். யு-கி-ஓ கோனாமியிடம் போனது. மிச்சமிருந்த கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்து, 2016-ல் மறுபடி திவால்.

போக்கிமான் என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. 4கிட்ஸ் கையிலிருந்து அந்தத் தொடர் போனபோது, 2006-ல், குரல் கொடுத்தவர்களை எல்லாம் மாற்றினார்கள். அப்போது இதே ரசிகர்கள்தான் ‘எங்கள் பழைய குரல்களைக் கொண்டா’ என்று கண்ணீர் விட்டார்கள். அந்தக் குரல்களை முதலில் தேடிப் பிடித்தது யார் என்பதை ஐந்தே வருஷத்தில் வசதியாக மறந்துவிட்டார்கள். நினைவு அவ்வளவு விசுவாசமானது!

அடுத்து, அந்த ‘ரகசிய ஒப்பந்தம்’. ரகசிய ஒப்பந்தத்தை ஒருவர் தனியாகக் கண்ணாடி முன்னால் நின்று போட முடியாது. எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். ஜப்பான் தரப்பு மனுவில் அப்படிக் குறிப்பிட்ட பெயர் எது தெரியுமா? ஃபனிமேஷன். டெக்ஸாஸ் கம்பெனி. 4கிட்ஸ் தொடர்களை டி.வி.டி.யாக விற்றுக்கொண்டிருந்தவர்கள். இதே ஃபனிமேஷன்தான் 2007-ல் ஒன் பீஸை எடுத்து, வெட்டாமல், லாலிபாப்பைப் பிடுங்கிச் சிகரெட்டைத் திரும்பக் கொடுத்தது. ரசிகர்களுக்குக் குலதெய்வம். ஆகவே மனுவில் அந்த வரி வந்தபோது பார்வை மங்கிவிட்டது. ஃபனிமேஷனும் தப்பு செய்தது என்று நான் சொல்லவில்லை. அது நிரூபணமாகாத குற்றச்சாட்டு. என் கேள்வி ஒன்றுதான். ஒரே மனுவில், ஒரே ஒப்பந்தத்தில், ஒரு பக்கத்துக்காரர் மட்டும் திருடன், மறுபக்கத்துக்காரர் பேச்சிலேயே இல்லை. ஏன்? சிகரெட்!

ஜப்பான் கலைஞர்களின் வயிற்றைப் பற்றிய கண்ணீருக்கு வருகிறேன். இதுதான் எனக்குப் பொறுக்கவே மாட்டாத இடம்.

வழக்குப் போட்டவர்கள் ஒரு டி.வி. சானலும் ஒரு விளம்பர நிறுவனமும். இரவெல்லாம் கண் விழித்து ஒரு படத்துக்கு இத்தனை யென் என்று கூலிக்கு வரைகிறவருக்குப் பொதுவாக இந்த ராயல்டியில் பங்கு கிடையாது. 48 லட்சம் டாலரும் முழுசாக வசூலாகியிருந்தால்கூட அவர் தட்டில் ஒரு பருக்கை கூடுதலாக விழுந்திருக்காது. அவர் வயிற்றில் அடிப்பவர்கள் அவர் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அது போகட்டும். கண்ணீர் விட்டவர்கள் படத்தை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? ரசிகர்களே ஆங்கில எழுத்தை அடியில் ஓட்டி இலவசமாக விநியோகிக்கிற ‘ஃபேன்சப்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. வீடியோ கேசட் காலத்திலிருந்து நடக்கிறது. அதில் ஒரு கௌரவமான மரபும் இருந்தது. அமெரிக்காவில் யாராவது முறைப்படி உரிமம் வாங்கிவிட்டால் ஃபேன்சப்பை நிறுத்திவிட வேண்டும். 4கிட்ஸ் ஒன் பீஸை வாங்கியபோது, ‘இவன் காட்டுவது ஒன் பீஸே இல்லை’ என்று சொல்லி அந்த மரபைக் காற்றில் விட்டவர்கள் நிறைய. பார்த்த எபிசோடுக்கு ஜப்பானுக்கு ஒரு செல்லாக்காசு போகவில்லை.

‘அது அன்பால் செய்தது, இவன் லாபத்துக்குச் செய்தது’ என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், இரண்டும் ஒன்றல்ல. மொழி தெரியாத ரசிகனுக்கு வேறு வழி இல்லாத காலம் அது. அந்த ஃபேன்சப்கள் இல்லாவிட்டால் இந்தப் பைத்தியம் இவ்வளவு தூரம் பரவியிருக்காது என்பதும் உண்மை. நான் கேட்பது வேறு. ராயல்டியே கட்டாமல் பார்த்தவர், ராயல்டியைக் குறைத்துக் கட்டியதாகச் சந்தேகிக்கப்படுகிறவரைப் பார்த்து, ‘ஐயோ, ஜப்பான் கலைஞனுக்குத் துரோகம்’ என்று மார்பில் அடித்துக்கொள்ளலாமா? கிரன்ச்சிரோல் என்ற கம்பெனி 2006-ல் தொடங்கியபோது அதில் ஓடியதில் பெரும்பகுதி ரசிகர்கள் ஏற்றிய, உரிமம் இல்லாத படங்கள். 2009 ஜனவரியில்தான் அது ஒழுங்காக உரிமம் வாங்கி நல்ல பிள்ளை ஆனது. அப்படி உரிமம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் யார்? நம் டிவி டோக்கியோ! பழைய பாக்கி கேட்டு ரசிகர்கள் யாரும் கிரன்ச்சிரோல் வாசலில் கொடி பிடித்ததாக எனக்கு நினைவில்லை. அங்கே சான்ஜி நிம்மதியாகப் புகைக்கிறான் அல்லவா?

அதே 2011-ல், நவம்பரில், இன்னொரு வழக்கு வந்தது. இந்த முறை வழக்குப் போட்டவர் ஃபனிமேஷன். எதிர்த்தரப்பு ஹூஸ்டனின் ஏ.டி.வி. ஃபிலிம்ஸ். எவாஞ்செலியன் தொடரை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ரசிகர்களிடம் நல்ல பெயர் எடுத்திருந்த கம்பெனி. 2009 செப்டம்பரில் கடையைக் கட்டி, சொத்துகளைப் புதுப் பெயர் கொண்ட சில கம்பெனிகளுக்கு மாற்றியிருந்தது. கடனிலிருந்து தப்பிக்கத்தான் இந்தக் கைமாற்றம் என்பது வழக்கின் சாரம். கேட்ட தொகை 80 லட்சம் டாலர். குற்றச்சாட்டின் கனத்தைப் பார்த்தால் 4கிட்ஸ் வழக்குக்கு இளைத்ததில்லை. ஆனால் ‘இழுத்து மூடு’ என்ற கோஷத்தை நான் பார்க்கவில்லை. கோர்ட் காகிதத்தில் எந்தத் தொடரின் உரிமம் எத்தனை டாலருக்குப் போனது என்ற பட்டியல் வெளியே வந்தது. ஆளாளுக்கு அதை வைத்துத்தான் அரட்டை. ‘அட, இந்தக் குப்பைக்கா இவ்வளவு விலை?’ 2014-ல் அதுவும் சமரசமாக முடிந்தது. பிடித்த கம்பெனி மேல் குற்றச்சாட்டு வந்தால் அது ‘தொழில் தகராறு’. பிடிக்காத கம்பெனி மேல் வந்தால் ‘மோசடி’.

இதில் யாருக்கு என்ன நஷ்டம், செத்துப்போன ஒரு கம்பெனியைத் திட்டினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறீர்களா? நஷ்டம் இருக்கிறது. கம்பெனியின் யோக்கியதையை அது காட்டுகிற படத்தை வைத்து அளக்கப் பழகியவர்கள், படம் நன்றாக இருந்தால் கணக்கைக் கேட்கவே மாட்டார்கள்.

2022-ல் ஜுஜுட்சு கைசன் 0 என்ற படம் வந்தது. வட அமெரிக்காவில் மட்டும் வசூல் 3 கோடி டாலருக்கு மேல். அதன் ஆங்கில டப்பிங்கில் ஒரு முக்கியப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த பெண் கலைஞர், தனக்குக் கிடைத்த சம்பளத்தை வெளிப்படையாகச் சொன்னார். 150 டாலர். நூற்று ஐம்பது. பூஜ்ஜியம் எதுவும் விட்டுப்போகவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் மாப் சைக்கோ 100 தொடரின் ஆங்கிலக் கதாநாயகக் குரல் கைல் மெக்கார்லி, வருங்காலத் தொடர்களுக்காகத் தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து பேசுங்கள் என்று மட்டும் கிரன்ச்சிரோலிடம் கேட்டார். சம்மதிக்கவில்லை என்றார் அவர். மூன்றாவது சீசனில் அந்தப் பாத்திரம் வேறு குரலில் பேசியது. கிரன்ச்சிரோல் அப்போது சோனிக்குச் சொந்தம். ஏழைக் கம்பெனி இல்லை. கொஞ்சம் சத்தம் எழுந்தது, மறுக்கவில்லை. அக்டோபரில் சீசன் வந்தது. சத்தம் போட்டவர்களில் பலரும் பார்த்தார்கள். ‘டப்பிங் சூப்பர்’ என்றார்கள்.

படத்தில் ஒரு ஃபிரேமும் வெட்டுப்படவில்லையே!

இதை எல்லாம் அக்கா பையனிடமும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டான். 80 லட்சம் டாலர் எந்தத் திசையில் போனது என்று சொன்னபோது முகம் கொஞ்சம் சுருங்கியது. 150 டாலர் என்றபோது, “அந்தப் படத்தை தியேட்டர்ல ரெண்டு தடவை பாத்தேன் மாமா” என்று மட்டும் சொன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“அப்போ லாலிபாப் வெச்சது சரிங்கறீங்களா?”

“தப்புதான்டா.”

“சோலோ?”

“அதுவும் தப்பு.”

“அந்த 48 லட்சம்?”

“அது வேற கணக்கு.”

“அதுல தப்பு பண்ணாங்களா, இல்லையா?”

“எனக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது.”

இந்தப் பதில் அவனுக்குப் பிடிக்கவே இல்லை. இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.